ஊசி தாவிய இடம்

பள்ளிக்கூடத்து ஒலிப்பதிவு அறையிலிருந்து நான் ஓய்வு பெற்ற வாரத்தில், என் இடத்துக்கு வந்திருந்த இரண்டு இளைஞர்கள் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்கள்.

"அண்ணே, நீங்க முன்னாடி வேல பாத்த கடையில பங்க் ரெக்கார்டு ஒண்ணு வெளியிட்டீங்களாமே, நெசமா?"

பெரிய ஊர்களில் இப்போது மறுபடியும் பிள்ளைகள் ரெக்கார்டு சேர்க்கிறார்களாம். சொந்தமாகவே போட்டு விற்கவும் செய்கிறார்களாம். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. நாலு பேர் முன்னால் பேசுவது எனக்கு எப்போதும் வராது. எழுதும்போது யாரும் நம் முகத்தைப் பார்ப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

நெசம்தான். அதில் என் பங்கும் இருக்கிறது.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் பண்ணைக்காட்டு மைக்செட் பாண்டி அண்ணனிடம் சேர்ந்தேன். கல்யாணம், காதுகுத்து, சர்ச் திருவிழா என்று எங்கே கூப்பிட்டாலும் மரத்தில் குழாய் கட்டிப் பாட்டுப் போடுவது எங்கள் தொழில். வயர் இழுக்கவும், பேட்டரி சுமக்கவும், மழை வந்தால் முதலில் ரெக்கார்டை மூடவும் கற்றுக்கொண்டேன். சில வருடம் கழித்து, கோடைக்கானல் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ரெக்கார்டு கடை வைத்திருந்த ஜேக்கப் சார் ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். எழுபதுகளின் கடைசி அது.

ஜேக்கப் சார் என்னிடம் படிப்பைக் கேட்கவில்லை. ஒரு ரெக்கார்டை உறையிலிருந்து எடுத்துக் காட்டச் சொன்னார். மைக்செட்டில் எடுக்கிற மாதிரி விரலை நன்றாகப் பதித்து எடுத்தேன்.

"நோ, நோ. தாசு, இது தோசையா? ஓரத்தைப் பிடி. மூஞ்சியில கை வைக்காத."

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. வெயில் காலத்திலும் கோட்டும் டையும் போட்டிருப்பார். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைக்கிற நேரத்தை வைத்தே கோபத்தின் அளவைத் தெரிந்துகொள்ளலாம்.

மலை ஈரத்தில் ரெக்கார்டுக்குப் பூசணம் பிடிக்கும். தட்டின் கோடுகளுக்குள் வெள்ளையாகப் புள்ளி விழுந்து, பாட்டு முழுக்கப் பொரி பொரிகிற மாதிரி சத்தம் வரும். அதைக் கழுவுவதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. தகரக் கூரையிலிருந்து வழிகிற மழைத் தண்ணீரைப் பிடிக்க வேண்டும், ஆனால் முதல் மழைத் தண்ணீர் ஆகாது. அதில் ஒரு சொட்டு ஷாம்பு. நடுவில் இருக்கிற லேபிளில் ஈரம் படாமல் இரண்டு பக்கமும் சின்னப் பீங்கான் சாஸரை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, நைந்த வேட்டித் துணியால் கோடு போகிற வழியிலேயே வட்டமாகத் துடைக்க வேண்டும். குறுக்கே துணி போகக் கூடாது. பிறகு சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு அதை மறந்துவிட வேண்டும். நான் ஒருமுறை அடுப்புப் பக்கம் வைத்துச் சீக்கிரம் காயவைக்கப் பார்த்தேன். அன்று கண்ணாடி ரொம்ப நேரம் துடைபட்டது.

மே மாதக் கடைசியில்தான் கடைக்கு உயிர் வரும். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் வெளிநாட்டுப் பிள்ளைகள் படிப்பு முடிந்து ஊருக்குத் திரும்பும் நேரம் அது. விமானத்தில் எடை ஏறும் என்று ரெக்கார்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வருவார்கள். ஜேக்கப் சார் விலை பேசுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்பார். "இதை எந்தப் பாட்டுக்காக வாங்கினே? அதை மட்டும் போட்டுக் காட்டு." அந்தப் பையனோ பெண்ணோ ஊசியை வைப்பார்கள். சார் நின்றபடியே முழுப் பாட்டையும் கேட்பார். சில பிள்ளைகள் பாட்டு முடிந்ததும் விற்க மனம் வராமல் பெட்டியைத் திரும்பக் கொண்டுபோய்விடுவார்கள். அதில் சாருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

அப்படித்தான் பங்க் என்கிற அந்தப் பாட்டு வகை எங்களிடம் வந்தது. பீட்டர் என்று ஒரு பையன், இங்கிலாந்து விடுமுறையில் வாங்கிய சின்ன ரெக்கார்டுகளை ஒரு பிஸ்கட் டின் நிறையக் கொண்டுவந்தான். வேலை கிடைக்காத பையன்களும் பெண்களும் கொஞ்சம் கிடாரைக் கற்றுக்கொண்டு, மீதியைக் கோபத்தை வைத்து நிரப்பியதுபோல் இருந்தது பாட்டு. ஒவ்வொன்றும் ஆரம்பித்த வேகத்தில் முடிந்தது. சார் ஒரு பாட்டில் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். ஆனால் உறையின் பின்பக்கத்தைப் பீட்டர் படித்துக் காட்டியதும் மறுபடி போட்டுக்கொண்டார். எந்தக் கம்பெனியும் எடுக்காததால் அந்தப் பிள்ளைகளே காசு சேர்த்து, தாங்களே தட்டு அச்சடித்து, தாங்களே உறையை மடித்து ஒட்டி விற்றார்கள் என்று அதில் இருந்தது.

"தாங்களேவா?" என்று மூன்று தரம் கேட்டார்.

அந்த டின்னை முழுசாக வாங்கினோம். மற்ற ஊர்களில் இருந்த சேகரிப்பாளர்களுக்குத் தபால் போட்டு, எங்களிடம் இரண்டிருந்தால் ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை மாற்றிக்கொண்டோம். சில வருடத்தில் ஒரு அலமாரித் தட்டு முழுக்க பங்க் ஆகிவிட்டது. நம் மலையில் அதை யார் வாங்குவார்கள் என்று நான் நினைத்ததுண்டு. வாங்க யாரும் வரவில்லைதான். கேட்க மட்டும் ஒருவன் வந்தான்.

சவரி. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. ஊருக்குப் போன மாணவன் ஒருவன் விட்டுச் சென்ற மின்சார கிடாரை வைத்துக்கொண்டு தானாக வாசிக்கக் கற்றவன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து நிற்பான். ஒருநாள் தங்கச்சி ஸ்டெல்லாவையும் கூட்டிவந்தான். ஸ்டெல்லா பேத்துப்பாறையில் பீன்ஸ் காட்டிலும் கிழங்குக் காட்டிலும் கூலி வேலை செய்துகொண்டிருந்தாள். நான் ஒரு பங்க் ரெக்கார்டு போட்டேன். அவள் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள்.

"ஏண்ணே, இந்தப் பொம்பளைக்குப் பாடவே வரலயே."

"வரலதான்," என்றான் சவரி.

"ஆனா வெக்கப்படல பாரு," என்று ஸ்டெல்லா சிரிப்பை நிறுத்தினாள். "இந்த மாதிரின்னா நானே பாடிருவேன்."

ஜேக்கப் சார் பில் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "பாடேன்மா, யார் வேண்டாம்னா?" என்றார்.

விளையாட்டாகச் சொன்னதை அவர்கள் நிஜமாக்கினார்கள். பெரும்பாறை எஸ்டேட்டில் யோகராசா என்று ஒருவன் இருந்தான். சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். தப்பு, டிரம் எதைக் கொடுத்தாலும் அடிப்பான். மூன்று பேரும் சேர்ந்து ஒரு பாட்டுக் கட்டினார்கள். வெள்ளனே வேலைக்குப் போய் இருட்டித் திரும்பும் ஒருத்தியின் நாளைப் பற்றிய பாட்டு. அதன் கடைசியில் வார்த்தை இல்லை. ஒரு கூவல் மட்டும்.

அந்தக் கூவலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் சரிவுகளில் மிஸ்ட் என்று நாங்கள் சொல்லும் பனிமூட்டம் இறங்கிவிட்டால் பக்கத்தில் நிற்பது ஆளா, காட்டு மாடா என்று தெரியாது. அப்போது காட்டில் வேலை செய்யும் பெண்களில் ஒருத்தி நீளமாக ஒரு குரல் கொடுப்பாள். கேட்டவர்கள் எல்லோரும் பதில் குரல் கொடுத்தே ஆக வேண்டும். பதில் வராத பக்கம் இறங்கிப் போய்த் தேடுவார்கள். ஸ்டெல்லா பாட்டின் முடிவில் கொடுத்தது அந்தக் குரல்தான். கிடார், டிரம் எல்லாம் அடங்கிப்போக, அவள் குரல் மட்டும் ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நிற்கும்.

காலியாகக் கிடந்த ஒரு கிழங்கு குடோனில், சாருடைய ஸ்பூல் டேப்பில் அதைப் பதிவு செய்தோம். மைக் வைத்தது நான். யோகராசாவின் டிரம்முக்கு எட்ட, ஸ்டெல்லாவுக்குக் கிட்ட, சவரியின் ஸ்பீக்கரைச் சாக்கு மூட்டைக்குப் பின்னால். கேட்டு முடித்ததும் ஜேக்கப் சார் சொன்னார், "இதை நாம போடுவோம். நாமளே." கடையின் பெயரில் ஒரு ரெக்கார்டு. கிழங்குச் சாக்கில் எழுத்துக் குத்தும் தகரத்தை வைத்தே, நீல மையில் உறைக்கு எழுத்துக் குத்தினோம்.

டேப்பைப் பார்சலில் மெட்ராஸில் இருந்த ஒரு ரெக்கார்டு பேக்டரிக்கு அனுப்பினோம். சில வாரத்தில் எழுத்தே இல்லாத வெள்ளை லேபிளோடு மாதிரித் தட்டு வந்தது. அதைக் கேட்டுச் சரி என்று சொன்னால்தான் மற்றவற்றை அச்சடிப்பார்கள். கூடவே ஒரு சேதியும் சொல்லியிருந்தார்கள். மாலை போட்டு மலைக்கும் பழனிக்கும் போகிற பக்தர்களுக்கான பாட்டுகள் வரிசையாகக் காத்திருக்கின்றன, இந்த வாரம் சரி சொல்லாவிட்டால் எங்கள் வேலையை எடுக்க முடியாது.

மூன்று பேரையும் வரவழைத்துத் தட்டைப் போட்டோம். சாருடைய முகம் மலர்ந்தது.

"எவ்வளவு க்ளீனா இருக்கு பாத்தியா, தாசு!"

க்ளீனாகத்தான் இருந்தது. சவரியின் கிடார் கரகரப்பெல்லாம் போய், சர்ச் ஆர்மோனியம்போல் அடக்கமாகக் கேட்டது. ஸ்டெல்லாவின் குரல் தள்ளி நின்று பாடியது. பாட்டு முடிந்தது. ஊசி லேபிள் பக்கம் போய் நின்றது. கூவல் இல்லை.

"முடிஞ்சுருச்சா?" என்றாள் ஸ்டெல்லா.

சவரி குனிந்து தட்டைப் பார்த்தான்.

"இது நானில்லண்ணே," என்றாள் என்னைப் பார்த்து. "இது யாரோ நல்ல பிள்ள பாடுது."

யோகராசா, "விடுங்கோ, பேர் வருதுதானே," என்றான். அவள் அவனைப் பார்த்த பார்வையில் அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"பேரு வேற எவளுக்காவது வரட்டும்," என்றாள். "அந்தக் கூப்பாடு இல்லாட்டி எனக்கு இந்தத் தட்டே வேணாம் சார்."

ஜேக்கப் சார் கண்ணாடியைத் துடைத்தார். அவருக்கு ஆஸ்துமா, மெட்ராஸ் காற்று ஆகாது. துடைத்து முடித்ததும், "தாசு, நீ போய்ப் பேசிட்டு வா," என்றார்.

"நான் யாருகிட்டயும் பேசினதே இல்ல சார்."

"தெரியும். அதான் கவலையா இருக்கு."

பங்க் அலமாரியிலிருந்து ஒரு சின்ன ரெக்கார்டைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வத்தலக்குண்டு தாண்டியதும் வெயில் முகத்தில் அடித்தது. என்ன பேசுவது என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்தேன்.

தட்டு வெட்டும் அறையில் ரங்கநாதன் சார் என்ற இன்ஜினியர் இருந்தார். நெற்றியில் திருமண், கையில் பூதக்கண்ணாடி. எனக்குக் காபி வரவழைத்தார். மனப்பாடம் செய்ததெல்லாம் காபியோடு உள்ளே போய்விட்டது.

"தம்பி, உங்க கிடார்க்காரர் ஸ்பீக்கர் கிழிஞ்சிருக்கு போலிருக்கே. ராத்திரி பகலா உக்காந்து அந்தக் கரகரப்பை எடுத்தேன். கடைசியில ஏதோ ஒரு கூச்சல் வேற டேப்ல விழுந்திருந்தது. பாட்டு முடிஞ்சதும் யாரோ வெளியில கத்தினதுன்னு நெனச்சு அதைத் தட்டுல ஏத்தாம விட்டுட்டேன். இப்ப எப்படி இருக்கு?"

அவ்வளவு ஆசையோடு கேட்டார். நான் துணிப்பையிலிருந்த ரெக்கார்டை எடுத்து நீட்டினேன். அவர் போட்டார். பாட்டு ஓடி முடிகிறவரை என்னையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வேணும்னே இப்படிப் பண்றாங்களா?"

"ஆமாங்க சார்."

"அப்ப உங்க பாட்டை நான் கெடுத்துட்டேன்னு சொல்ல வந்திருக்கீங்க."

"இல்லங்க சார். நல்லதாக்கிட்டீங்க."

ஒரு நொடி என்னைப் பார்த்தவர் வயிறு குலுங்கச் சிரித்தார். பக்கத்து அறை ஆட்களைக் கூப்பிட்டு, "நல்லதாக்கிட்டேனாம்யா, அதுக்குச் சண்டை போட மலையிலேருந்து இறங்கி வந்திருக்காரு," என்று சொன்னார். எனக்குக் காது சூடானது. ஆனால் அவர் அப்போதே எங்கள் டேப்பை எடுத்து மாட்டிவிட்டார்.

அந்த வேலையை நான் கண்ணால் பார்த்தது அன்று ஒருநாள்தான். கண்ணாடிபோல் பளபளக்கும் கறுப்புத் தட்டு மெல்லச் சுற்றுகிறது. சூடேற்றிய கூர்முனை அதில் இறங்கி, பாட்டு அசைகிற அசைவுக்கெல்லாம் தானும் அசைந்து கோடு போடுகிறது. வெட்டுப்பட்ட அரக்கு தலைமுடிபோல் இழையாக எழும்பும். ஒரு குழாய் அதை உறிஞ்சிக்கொள்ளும். பாட்டு ஓடியது. கரகரப்போடு, அப்படியே. கூவல் வந்தபோது கூர்முனை நடுங்கியது. ரங்கநாதன் சார் உதட்டைக் கடித்தார்.

பூதக்கண்ணாடியை என்னிடம் கொடுத்தார். மற்ற இடங்களில் கோடு ஓடைபோல் வளைந்து போனது. கூவல் விழுந்த இடத்தில் பாம்பு புரண்டதுபோல் இருந்தது.

"பாருங்க. நல்ல பிளேயர்ல ஊசியைப் பிடிச்சிருக்கிற கை லேசா இருக்கும். இங்க வந்தா ஊசி தாவிடும். இதை நான் மறைச்சு வச்சு அனுப்ப முடியாது." அறையிலிருந்த பிளேயர்களில் போட்டே காட்டினார். விலை உயர்ந்த பிளேயரில் கூவல் ஆரம்பித்ததும் ஊசி துள்ளி லேபிள் பக்கம் ஓடியது. மூலையில் கிடந்த பழைய பிளேயரில் மட்டும், அதன் கனத்த கை கோட்டை அமுக்கிக்கொண்டே போனது. கூவல் முழுசாக வந்தது.

"அந்த இடத்துல மட்டும் சத்தத்தைக் குறைச்சிடறேன். எல்லாத்துலயும் ஓடும். குரல் தூரத்துல கேக்கற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். உங்க முதலாளியைக் கேட்டுச் சொல்லுங்க. ட்ரங்க் கால் போட்டுத் தரேன்."

எங்கள் கடைக்கு வருகிறவர்களிடம் இருப்பதெல்லாம் லேசான கை உள்ள பிளேயர்தான். பள்ளிப் பிள்ளைகள், பங்களாக்காரர்கள், சேகரிப்பவர்கள். ஜேக்கப் சாரிடம் கேட்டால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். ஆனால் மலைமேலும் கீழேயும் இருக்கிற மைக்செட்டுகளில் எல்லாம், கூக்கால் கிராமம் வரைக்கும், மூலையில் கிடந்ததைப் போன்ற கனத்த கைதான். அந்தக் கையை நான் வருடக்கணக்கில் தூக்கி வைத்திருக்கிறேன். காட்டில் குனிந்து நிற்கிறவர்களுக்குப் பாட்டு வருவது மைக்செட்டில்தான், பங்களா ஜன்னலில் இல்லை. மிஸ்ட்டில் கொடுக்கிற குரலைத் தூரமாக்கினால் அது எதற்கு?

"ட்ரங்க் கால் வேண்டாங்க சார்," என்றேன். "அப்படியே இருக்கட்டும்."

"முதலாளி?"

"கேட்டா வேண்டாம்பாருங்க."

அவர் மறுக்கவில்லை. என் வாழ்க்கையில் யாரையும் கேட்காமல் நான் சொன்ன முதல் பேச்சு அது. இன்றைக்கும் அதை நினைத்தால் முதுகு நிமிர்கிறது.

தட்டுகள் மரப்பெட்டியில் வந்து இறங்கின. நீல மை குத்திய உறையில் முதல் தட்டைப் போட்டு ஜேக்கப் சாரிடம் கொடுத்தேன். ஓரத்தைப் பிடித்து எடுத்து, தன் சொந்த பிளேயரில் வைத்தார். கரகரப்பு வந்ததும் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். பாட்டு முடிந்தது. கூவல் எழுந்தது. ஊசி துள்ளி ஓடியது. மறுபடி வைத்தார். மறுபடி துள்ளியது.

கண்ணாடியைக் கழற்றினார். மெட்ராஸில் நடந்ததை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஆக, நம்ம கடை போட்ட முதல் ரெக்கார்டு நம்ம கடையிலேயே ஓடாது."

"ஓடாது சார்."

"பின்ன எங்க ஓடும்?"

"பாண்டி அண்ணன் செட்டுல ஓடும் சார். இன்னைக்குப் பேத்துப்பாறையில காதுகுத்து. அங்கதான் கட்டிருக்காரு."

கண்ணாடி துடைப்பது நின்றது. மப்ளரை எடுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டார். கடையைப் பகலில் பூட்டி அதுவரை நான் பார்த்ததில்லை.

நாங்கள் ஜீப்பில் போய்ச் சேர்ந்தபோது காதுகுத்து வீட்டில் பந்தி நடந்துகொண்டிருந்தது. குழாயைப் பெரிய மரத்தில், சரிவைப் பார்த்துக் கட்டியிருந்தார்கள். பாண்டி அண்ணன் தட்டை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார்.

"என்னலே தாசு, சாமி பாட்டா?"

"இல்லண்ணே. நம்ம ஊருப் பாட்டு."

"ஆருலே பாடுனது?"

"போடுங்கண்ணே, தெரியும்."

அதற்குள் மிஸ்ட் இறங்கிவிட்டது. பந்தியே பாதி மறைந்துபோனது. ஸ்டெல்லா கீழே பீன்ஸ் காட்டில் வேலையில் இருக்கிறாள் என்றார்கள். பாண்டி அண்ணன் ஊசியை வைத்ததும் நான் வரப்பு வழியாக இறங்கினேன், ஜேக்கப் சார் என் தோளைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கப் பின்னால் வந்தார். மேலே குழாயில் கிடார் கரகரத்தது. பந்தியில் யாரோ, "எவன்டா தகரத்த இழுக்குறது?" என்று கத்தியது கேட்டது. பாட்டு ஓடியது. குனிந்திருந்த பெண்கள் எங்களுக்கு நிழல்போல் தெரிய ஆரம்பித்தார்கள். ஸ்டெல்லா கையில் பீன்ஸோடு, அசையாமல் குழாய்ப் பக்கம் பார்த்து நின்றாள்.

பிறகு கூவல் வந்தது. ஊசி தாவவில்லை. நீளமாக, முழுசாக, மரத்திலிருந்து கிளம்பிச் சரிவெல்லாம் இறங்கி வந்தது.

பெண்கள் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்கள். ஒருத்தி வாயில் கை குவித்துப் பதில் குரல் கொடுத்தாள். அடுத்தவள் கொடுத்தாள். கீழே எங்கள் கண்ணுக்கே தெரியாத கிழங்குக் காட்டிலிருந்து வந்தது. ஓடைக்கு அந்தப் பக்கமிருந்தும் வந்தது. ஜேக்கப் சாரின் கை என் தோளை இறுக்கியது.

பக்கத்து வரிசையில் நின்ற வயதான அம்மா கணக்குப் பார்ப்பதுபோல் எல்லோரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, ஸ்டெல்லாவிடம் வந்து நின்றாள்.

"ஏண்டி, ஒன் குரலுல்ல அது? நீ இங்கன நிக்கிற, அங்க ஆருடி கூப்புடுறது?"

"நாந்தேன்," என்றாள் ஸ்டெல்லா.